குடோனில் எழுதாத சீட்டு: ஈஆர்பி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "ஈஆர்பி வாங்குவதற்கு முன் உங்கள் குடோன் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஆறு நிமிடக் குரல் பதிவு அனுப்பியவர்கள்கூட இருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதுதான். யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு என்று ஆளுக்கொரு நோட்டு வைத்திருப்பதை விட்டுவிட்டு எல்லோரும் ஒரே பதிவேட்டில் எழுதி, ஒரே பதிவேட்டைப் பார்ப்பதற்கான சாஃப்ட்வேர்தான் ஈஆர்பி, அதாவது என்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுபடி எழுத வேண்டியதில்லை. அந்தப் பெயரை கார்ட்னர் என்ற அமெரிக்க நிறுவனம் 1990இல் வைத்தது. வேலை அதற்கும் மூத்தது: எந்தச் சாமான் எப்போது எவ்வளவு வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது 1960களிலேயே அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆரம்பித்துவிட்டது. சரி, கேள்விக்குப் போவோம்.

கேள்வி: பனியன் கம்பெனி வைத்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் 40 மிஷின், இப்போது 120. பில்லும் ஜிஎஸ்டியும் டேலியில் ஓடுகிறது. ஆர்டர், துணி, பீஸ் ரேட் சம்பளம் எல்லாம் எக்செலில், மிச்சம் என் தலையில். பக்கத்து கம்பெனிக்காரர் ஈஆர்பி போட்டுவிட்டு என்னையும் போடச் சொல்கிறார். டேலி போதாதா?
— திருப்பூர்

பக்கத்து கம்பெனிக்காரர் போட்டுவிட்டார் என்பதற்காகப் போட வேண்டாம். ஆனால் "மிச்சம் என் தலையில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகப் போடலாம்.

ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். கடைசியாகப் பெட்டி கட்டி அனுப்பிய ஒரு ஆர்டரை எடுங்கள். அதற்கு எத்தனை கிலோ நூல் வாங்கினீர்கள், நிட்டிங்கிலிருந்து எவ்வளவு வந்தது, சாயத்திலிருந்து எவ்வளவு, எத்தனை பீஸ் வெட்டினார்கள், செக்கிங்கில் எத்தனை கழிந்தது, கடைசியில் பீஸுக்கு என்ன நின்றது. இதை அரை மணி நேரத்தில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு இன்னும் ஈஆர்பி வேண்டாம், காசை மிஷினில் போடுங்கள். நாலு பேருக்குப் போன் பண்ணி, மூன்று நாள் கழித்து, அப்போதும் இரண்டு எண் ஒத்துப்போகாமல் நின்றால், நேரம் வந்துவிட்டது.

உதாரணத்துக்கு 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 985 கிலோ துணியாக வருகிறது. சாயப்பட்டறைக்கு அனுப்பி வாங்கினால் 930. துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பேக்டிங் போய் வந்து கட்டிங் மேசையில் விரித்த பிறகு ஓரம், துண்டு என்று இன்னும் கொஞ்சம் போகிறது. குறைவது தப்பில்லை, அது இந்தத் தொழிலின் இயல்பு. குறைந்தது நீங்கள் பேசி வைத்த சதவீதத்துக்குள்ளா, அதைத் தாண்டியா என்பதுதான் கேள்வி. இதற்கான பதில் இப்போது எங்கே இருக்கிறது? போன எடை ஃபேப்ரிக் இன்சார்ஜின் டிசி புக்கில் (டிசி என்றால் சரக்கோடு போகிற டெலிவரி சலான் சீட்டு). வந்த எடை சாயப்பட்டறைக்காரரின் டிசியில், அது ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்குகிறது. பேசிய சதவீதம் உங்கள் தலையில். பில் அக்கவுண்ட்ஸ் பொண்ணு மேசையில், அவருக்கு மற்ற மூன்றும் தெரியாது, வந்த பில்லை டேலியில் போட்டுவிடுகிறார். நான் பார்த்த ஒரு யூனிட்டில் ஒரே டிசிக்கு இரண்டு பில் வந்து இரண்டுக்கும் பணம் போயிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. டிசியின் ஜெராக்ஸ் ஒன்று வேறு ஃபைலில் கிடந்தது, அவ்வளவுதான்.

டேலியைக் குறை சொல்ல மாட்டேன். அதில் ஸ்டாக் வைக்கலாம், வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிற ஜாப் ஒர்க் பார்க்கலாம், டேலியின் சொந்த நிரல் மொழியான டிடிஎல்லில் எழுதி உங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஸ்டைலில் ஆறு கலர், ஒவ்வொரு கலரிலும் ஐந்து சைஸ், 30 கட்டமும் கட்டிங்கிலிருந்து பெட்டி வரை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் கணக்கு சாஃப்ட்வேர் மூச்சு வாங்கும். 120 மிஷினும் ஒரே சமயத்தில் பத்து ஆர்டரும் என்றால் எனக்கென்னவோ போட்டுவிடலாம் என்றுதான் படுகிறது. ஒரே ஒரு நிபந்தனை: முதல் வருடம் கணக்கை டேலியிலேயே விட்டுவிடுங்கள். ஆர்டர், துணி, டிசி மட்டும் புதியதில் வரட்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடுங்கி நட்டால் இரண்டும் வாடும்.

கேள்வி: பம்ப் செட் தயாரிக்கிறோம், 60 பேர் வேலை செய்கிறார்கள். எஸ்ஏபி, ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட், ஜோஹோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உள்ளூரில் ஒருவர் எங்களுக்கென்றே எழுதித் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது?
— கோயம்புத்தூர்

பெயரை வைத்து என்னால் சொல்ல முடியாது, சொன்னாலும் நம்பாதீர்கள். எஸ்ஏபி 1972இல் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகளுக்கான பெயர் என்றாலும் சிறியவர்களுக்கென்று பிசினஸ் ஒன் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஓடூ பெல்ஜியத்துக்காரர்களுடையது, இலவசமாக ஒன்று, காசுக்கு ஒன்று. ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பைக்காரர்கள் செய்தது, மூல நிரலே திறந்து கிடக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். இதில் 'இலவசம்' என்ற வார்த்தையில் விழுந்துவிடாதீர்கள். சாஃப்ட்வேர்தான் இலவசம், அதை உங்கள் ஆலைக்குத் தக்கபடி நிறுத்திக் கொடுக்கிற ஆள் இலவசம் இல்லை. பல இடங்களில் லைசென்ஸை விட அந்த ஆளுக்கு ஆகிற செலவுதான் பெரிது.

நான் செய்யச் சொல்வது இது. டெமோ காட்ட வருகிறவரை அவருடைய உதாரணக் கம்பெனியைக் காட்ட விடாதீர்கள். டெமோவில் வருகிற கம்பெனியில் எந்தக் காஸ்டிங்கும் (வார்ப்பு) ரிஜெக்ட் ஆவதில்லை, எந்த டீலரும் மோட்டாரைத் திருப்பி அனுப்புவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? உங்களுடைய போன மாதத்து ஆர்டர்களில் ரொம்பப் படுத்தியது எதுவோ அதைக் கையில் கொடுங்கள். 5 எச்பி சப்மெர்சிபிள். காஸ்டிங் வெளியே மிஷினிங்குக்குப் போனது, 50இல் 4, உள்ளே காற்றுக் குழி இருந்ததால் திரும்பிவிட்டது. வைண்டிங்குக்குக் காப்பர் ஒயரைக் கிலோவில் கொடுத்தோம், மிச்சமும் ஸ்கிராப்பும் தனித்தனியாகத் திரும்பி வந்தது. நடுவில் டீலர் இம்பெல்லரை மாற்றச் சொன்னார். ஒரு பம்ப் வாரண்டியில் வந்து நிற்கிறது. இதை என் கண்ணெதிரே போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். எத்தனை தடவை "அதைக் கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கோடு அதிகம் விழுந்தவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கஸ்டமைஸ் என்றதும் ஒன்று. லிடில் என்ற ஜெர்மன் சில்லறைக் கடைக்காரர்கள் 2011இல் எஸ்ஏபி போட ஆரம்பித்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018இல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது செய்திகளில் வந்த காரணங்களில் ஒன்று, அவர்கள் சரக்கை வாங்கிய விலையில் கணக்கு வைப்பவர்கள், சாஃப்ட்வேர் விற்கிற விலையில் வைப்பது. தங்கள் வழக்கத்தை விடாமல் சாஃப்ட்வேரை வளைத்துக்கொண்டே போனார்கள். உங்கள் ஆலையிலும் 'இது எங்க அப்பா காலத்துப் பழக்கம்' என்று பத்து இருக்கும். அதில் தொழிலுக்கு ஆதாரமானது இரண்டோ மூன்றோதான், மற்றதை சாஃப்ட்வேர் போகிற வழிக்கு விட்டுவிடலாம்.

உள்ளூர்க்காரரைத் தள்ளவும் வேண்டாம். கூப்பிட்டால் மதியம் வந்து நிற்பார், அதற்கு விலை இல்லை. ஆனால் அவர் ஒருத்தரே எழுதுகிறார் என்றால், அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டால் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள். என் டேட்டா முழுவதையும் எப்போது கேட்டாலும் எக்செலில் எடுத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி, பணம் கட்டம் கட்டமாகத்தான் என்று ஒரு வரி. இந்த இரண்டு வரியும் பெரிய கம்பெனிக்கும் பொருந்தும்.

கேள்வி: எல்லாத் தகவலையும் மொபைலில் பார்க்க முடியுமா?
— நாமக்கல்

முடியும். முதல் பத்து நாள் பார்ப்பீர்கள். அப்புறம் எந்த மூன்று எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்களோ அது மட்டும் முதல் திரையில் வரும்படி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேசை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறோம். ஈஆர்பி போட்டு 14 மாதம் ஆகிறது. இன்னும் எல்லோரும் நோட்டில்தான் எழுதுகிறார்கள், மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். ஸ்டோரில் 22 வருடமாக இருக்கும் பெரியவர் கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டேன் என்கிறார். அவரை மாற்றிவிடலாமா?
— கரூர்

மாற்றாதீர்கள். முதலில் அவருடைய நோட்டை வாங்கி ஒரு மணி நேரம் படியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு துணி யூனிட்டில் ஸ்டாக் எல்லாம் ஏற்றி முடித்திருந்தோம். திரையில் நீலம் 640 கிலோ என்று காட்டுகிறது. ஸ்டோர் பெரியவர் "இல்லை, அந்த ஆர்டருக்குத் துணி கிடையாது" என்கிறார். முதலாளிக்குக் கோபம், எனக்கும்தான். நேரே போய்ப் பார்த்தால் 640 கிலோ அடுக்கி இருக்கிறது, எடையும் சரி. பெரியவர் தன் நீள நோட்டைப் பிரித்தார். சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். என்ன வட்டம் என்றால், அந்த லாட் (ஒரே தடவையில் சாயம் போட்டு வந்த துணி) நிறத்தில் துளி மாறி வந்தது, மற்றதோடு சேர்த்து வெட்டினால் பெட்டிக்குள் இரண்டு நீலம் தெரியும். ஆக 400 ஒரு நீலம், 240 இன்னொரு நீலம். நாங்கள் ஐட்டம் வாரியாக மட்டும் ஸ்டாக் வைத்திருந்தோம், லாட் என்று ஒரு கட்டமே கொடுக்கவில்லை. 'கம்ப்யூட்டர் தெரியாதவர்' என்று நாங்கள் ஒதுக்கி வைத்தவரின் பென்சில் வட்டம்தான் அந்த சாஃப்ட்வேரில் இல்லாத ஒரே முக்கியமான விஷயம். அன்றைக்கே லாட் சேர்த்தோம். அவர் அதற்குப் பிறகும் டைப் அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு பொண்ணு உட்கார்ந்து அடிக்கும், அவர் சொல்லுவார். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை.

இரண்டாவது விஷயம் உங்களைப் பற்றி, கோபித்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு வண்டி நிற்கிறது. "அனுப்பிவிடுப்பா, டிசி அப்புறம் போட்டுக்கலாம்" என்று இந்த மாதம் எத்தனை தடவை போனில் சொன்னீர்கள்? நீங்கள் மறந்துவிடுவீர்கள். நாளைக்கு "அந்த 200 மீட்டர் எங்கே" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர். அதனால்தான் அவருக்கு ஒரு நோட்டு வேண்டியிருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அது இன்ஷூரன்ஸ். சாஃப்ட்வேரில் ஏறாமல் சரக்கு வெளியே போகிற வரைக்கும் அவர் நோட்டை விட மாட்டார், விடவும் கூடாது.

வழி ஒன்றுதான். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியிடம் சொல்லிவிடுங்கள், சாஃப்ட்வேரிலிருந்து அச்சாகி வந்த சீட்டு இல்லாமல் எந்தச் சரக்குக்கும் கதவு திறக்கக் கூடாது, முதலாளி கார் டிக்கியில் போகிற சாம்பிளுக்கும் சேர்த்துத்தான். முதல் வாரம் நீங்களே இரண்டு தடவை கேட்டில் மாட்டுவீர்கள். அந்த இரண்டு தடவையும் இறங்கிப் போய்ச் சீட்டு வாங்கி வந்தீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது, ஆலை முழுக்க அன்றைக்கே செய்தி பரவிவிடும்.

அப்புறம் இரண்டு சின்ன வேலை. சீட்டில் இருக்கிற தேதிக்கும் அதை ஏற்றிய தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று ஒரு ரிப்போர்ட் கேளுங்கள், எந்தப் பிரிவு நோட்டில் ஓடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஸ்டாக் மைனஸில் போக அனுமதி உண்டா என்றும் பாருங்கள். பில் நின்றுவிட்டால் நீங்கள் திட்டுவீர்கள் என்று சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். ஒரு முழு எண்ணிக்கை எடுத்துச் சரிசெய்துவிட்டு அதை மூடிவிடுங்கள். இல்லாத சரக்கைக் கொடுத்ததாக எழுத முடிகிற பதிவேட்டை யார் நம்புவார்கள்?

கேள்வி: வாகன உதிரி பாகங்கள் மிஷினிங் செய்கிறோம். எக்செலில் 6,000 ஐட்டம் இருக்கிறது. சாஃப்ட்வேர்காரர்கள் அப்படியே ஏற்றித் தருகிறோம், இரண்டு நாள் போதும் என்கிறார்கள். சரியா?
— ஓசூர்

குப்பையைக் கூட்டி அப்படியே புது வீட்டுக்கு எடுத்துப் போவீர்களா? அந்த 6,000ஐ ஒரு தடவை அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். 'எம்6 போல்ட்', 'போல்ட் எம்6', '6 எம்எம் போல்ட்', 'ஆலன் போல்ட் 6', அப்புறம் யாரோ அவசரத்தில் அடித்த 'போலட் 6'. ஐந்தும் ஒரே டப்பாவில் கிடக்கிற ஒரே போல்ட். கம்ப்யூட்டருக்கு இது ஐந்து சரக்கு. ஒன்றில் 4,000 இருக்கும்போதே இன்னொன்று தீர்ந்துவிட்டது என்று வாங்கச் சொல்லும், நீங்களும் வாங்குவீர்கள்.

அதைவிட மோசம் அலகு. போல்ட் வாங்குவது கிலோவில், மிஷினுக்குக் கொடுப்பது எண்ணிக்கையில். கட்டிங் ஆயில் வருவது பேரலில், போவது லிட்டரில். பனியன் கம்பெனி என்றால் பட்டன் கிராஸில் வரும், ஒரு கிராஸ் 144. எலாஸ்டிக் கிலோவில் வந்து மீட்டரில் போகும். ஒரு கிலோவுக்கு எத்தனை போல்ட் என்று யாராவது ஒருத்தர் தராசில் நிறுத்து எண்ணி எழுதினால்தான் உண்டு. அதை சாஃப்ட்வேர்காரர் இரண்டு நாளில் தன் ஆபீஸில் உட்கார்ந்து செய்ய முடியாது.

பெரிய இடத்திலும் இதேதான் நடந்தது. டார்கெட் என்ற அமெரிக்கக் கடைக்காரர்கள் 2013இல் கனடாவில் கடை திறந்தார்கள், புது சாஃப்ட்வேரோடு. அவசர அவசரமாக ஐட்டங்களை ஏற்றியதில் அளவு சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், அகலம் இருக்க வேண்டிய இடத்தில் நீளம் என்று ஏகப்பட்ட தப்பு. குடோன் நிரம்பி வழிகிறது, கடையில் அலமாரி காலி. இரண்டே வருடத்தில், 2015 ஜனவரியில், 133 கடையையும் மூடுவதாக அறிவித்தார்கள். மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் காலி அலமாரிக்கு இதுதான் பெரிய காரணம்.

போன 18 மாதத்தில் ஒரு தடவையாவது அசைந்த ஐட்டங்களை மட்டும் முதலில் எடுங்கள். கணிசமாகக் குறைந்துவிடும். ஸ்டோர், பர்ச்சேஸ், உற்பத்தி மூன்றிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு வகை, போல்ட் என்றால் அன்றைக்குப் போல்ட் மட்டும், பெயரையும் அலகையும் முடிவு செய்யட்டும். இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம் ஆகும். முடிந்த பிறகு புது ஐட்டம் உருவாக்குகிற அதிகாரத்தை ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் ஆறே மாதத்தில் 'போலட்' திரும்பி வந்துவிடும்.

கேள்வி: காலண்டர், டைரி அச்சகம். சாஃப்ட்வேர்காரர் அக்டோபரில் ஓட ஆரம்பித்துவிடலாம் என்கிறார். ஆடிட்டர் ஏப்ரல் 1தான் சரி என்கிறார். எதைக் கேட்பது?
— சிவகாசி

அக்டோபரா! அவருக்கு சிவகாசி தெரியாது போலிருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு மாதிரி காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, அதற்கப்புறம் ஆர்டர் குவிய ஆரம்பித்து, டிசம்பர் வரைக்கும் மிஷின் ஆறாத ஊரில் அக்டோபரில் யாராவது பதிவேட்டை மாற்றுவார்களா?

உங்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் கம்பெனி. 48 மாதம் ஆகும் என்ற வேலையை 30 மாதத்தில் முடிக்கிறோம் என்று நெருக்கி, 1999 ஜூலையில் மூன்று சாஃப்ட்வேரை ஒரே மூச்சில் ஓடவிட்டார்கள். அங்கே அக்டோபர் 31 ஹாலோவீன், மிட்டாய் விற்பனைக்கு நம் தீபாவளி மாதிரி. சாக்லேட் குடோனில் இருக்கிறது, ஆர்டரும் கையில் இருக்கிறது, எதை எங்கே அனுப்புவது என்று சாஃப்ட்வேரில் ஏறவில்லை. சுமார் 10 கோடி டாலர் சரக்கு நேரத்துக்குப் போகவில்லை, அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் விழுந்தது. சாஃப்ட்வேரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாள் பார்த்ததுதான் மோசம். ஹாலோவீன் முடிந்து நவம்பர் வந்துவிட்டால் மிட்டாயை யார் வாங்குவார்கள், ஜனவரி தாண்டின காலண்டரை யார் வாங்குவார்கள்?

ஆடிட்டர் சொல்வது கணக்குக்குச் சரி. ஏப்ரல் 1 என்றால் பழைய வருடத்து முடிவு இருப்பைப் புதிய வருடத்து ஆரம்ப இருப்பாகக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் உங்கள் அக்கவுண்ட்டண்ட் மனுஷனாகவே இருக்க மாட்டார். அதனால் நான் பிரித்துச் செய்யச் சொல்வேன். பிப்ரவரியில் வசூலைத் தவிர பெரிய வேலை இருக்காது. அப்போது பேப்பர், இங்க், தகடு ஸ்டோரையும் ஒவ்வொரு அச்சு வேலைக்குமான ஜாப் கார்டையும் ஏற்றுங்கள். கணக்கு ஏப்ரல் 1 முதல். ஆரம்ப இருப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினை நிறுத்திவிட்டு எண்ணுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் எண்ணி முடித்த ரீமை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாம். இரண்டு மாதம் தாண்டினால் இரட்டை வேலை தாங்காமல் ஆட்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள், விடுவது நிச்சயம் புதியதைத்தான்.

கேள்வி: பேண்டேஜ் துணி, பார்ட்னர்ஷிப். எடிட் லாக் இருக்கிற சாஃப்ட்வேர்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று விற்க வந்தவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
— சத்திரப்பட்டி, விருதுநகர் மாவட்டம்

2023 ஏப்ரல் 1 முதல் அந்த விதி இருப்பது உண்மை. யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். ஆனால் அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருகிற கம்பெனிகளுக்கு. பார்ட்னர்ஷிப்புக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் நல்லதுதான், பங்காளிகளுக்குள் சண்டை வராமல் இருக்கும்.

உங்களைத் தொடுகிற விஷயங்கள் வேறு. வருடத்துக்கு 5 கோடிக்கு மேல் விற்பனை என்றால் வியாபாரிகளுக்குப் போடுகிற பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் ஏற்றிப் பதிவு எண் வாங்குவது, கட்டாயம். 10 கோடிக்கு மேல் என்றால் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும், 2025 ஏப்ரல் முதல். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டியில் அது அனுப்பிய அன்றைக்கே விற்றதாக ஆகிவிடும். சிறு, குறு உற்பத்தியாளர்களிடம் வாங்கியதற்கு 45 நாளில், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி வருடக் கடைசியில் நிலுவை நின்றால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்க முடியும். விற்க வந்தவரிடம் கேளுங்கள்: 11ஆவது மாதத்திலேயே "அந்தத் துணி இன்னும் வரவில்லை" என்றும், 40ஆவது நாளிலேயே "இவருக்குப் பணம் போகவில்லை" என்றும் உங்கள் சாஃப்ட்வேர் சொல்லுமா?

கேள்வி: கல்யாணமாகி வந்து நாலு வருடம். மாமனாரின் தேங்காய் எண்ணெய் மில்லில் நான்தான் ஈஆர்பி போட்டேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் மாமா திரையைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். காலையில் கறுப்பு டைரியோடு மில்லைச் சுற்றி வந்து அவராகவே எழுதிக்கொள்கிறார். ஆட்களும் அவர் டைரியைத்தான் நம்புகிறார்கள். என்ன செய்வது?
— காங்கேயம்

உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன் அம்மா. மாமா டைரியில் என்ன எழுதுகிறார், எந்த வரிசையில் எழுதுகிறார் என்று பார்த்தீர்களா? மில்லுக்காரர்கள் டைரி என்றால் முதல் வரி அநேகமாக நேற்று வந்த கொப்பரை, அதன் ஈரப்பதம். அப்புறம் ஆட்டியது எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு. 100 கிலோ கொப்பரைக்கு 60 கிலோவுக்கு மேல் எண்ணெய் வர வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருக்கும், ஒரு கிலோ குறைந்தாலும் செக்கா, கொப்பரையா, ஆளா என்று அங்கேயே நின்று கேட்டுவிடுவார். கடைசியில் டின் இருப்பும் யார் யார் பாக்கி என்பதும்.

பெரும்பாலான சாஃப்ட்வேர் பல சாமானைச் சேர்த்து ஒன்று செய்கிற தொழிலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்களுடையது நேர் எதிர், ஒரு கொப்பரை உள்ளே போய் எண்ணெயும் புண்ணாக்குமாக இரண்டாக வெளியே வருகிறது. அதனால் திரையில் எல்லாம் இருந்தும் அவர் பார்க்க விரும்புகிற அந்த ஒரு விகிதம் ஐந்தாவது திரையில் ஒளிந்திருக்கலாம். அதை வெளியே எடுங்கள். அவர் டைரியின் அதே வரிசையில், ஒரே பக்கம், பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்து, காலை ஆறு மணிக்கு அவர் காப்பி குடிக்கிற இடத்தில் வையுங்கள். திரையைப் பார்க்கச் சொல்லி இனிமேல் கேட்கவே கேட்காதீர்கள்.

டைரியை நிறுத்தவும் சொல்லாதீர்கள். ஒரு மாதம் தாளும் டைரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டிலும் டின் எண்ணிக்கை வேறு வேறாக வருகிற ஒரு காலை கட்டாயம் வரும். அன்றைக்கு வாதாடாமல் "வாங்க மாமா, எண்ணிப் பார்த்திடலாம்" என்று அவரையே கூட்டிக்கொண்டு குடோனுக்குப் போங்கள். யார் எண் சரியாக இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.